வெள்ளிக்கிழமைப் பொங்கல்

சவூதியிலும் குவைத்திலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்குத் தைப்பொங்கல் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையில்தான் வருகிறது. நாட்காட்டிப்படி அது செவ்வாயாக இருக்கலாம், புதனாக இருக்கலாம். தை பிறக்கும் நாள் கிழமை பார்த்துப் பிறப்பதில்லை. ஆனால் விடியுமுன் பேருந்து ஏறிக் கட்டுமான வேலைக்குப் போகிறவருக்குச் செவ்வாய்க்கிழமை பொங்கல் வைக்க நேரம் கிடையாது. அதனால் வாரத்தில் ஓய்வு கிடைக்கும் நாள் வரும்வரை பொங்கல் காத்திருக்கிறது. சிங்கப்பூரில் அதே பொங்கல் ஞாயிற்றுக்கிழமைக்குப் போகிறது. வளைகுடாவில் தீபாவளியின் எண்ணெய்க் குளியல் இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்த பிறகு நடக்கிறது, அல்லது நடக்காமலே போகிறது. வெளிநாட்டுத் தொழிலாளியின் பண்டிகை பற்றி நம் சினிமாவும் பத்திரிகைகளும் பேசும்போதெல்லாம் தூரத்தைப் பற்றியே பேசுகின்றன. கடல் தாண்டிப் போனவர், வீட்டை நினைத்து ஏங்குபவர், தொலைபேசியில் கண் கலங்குபவர் என்ற அந்தச் சித்திரத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் அது முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது. அவருடைய பண்டிகையை எடுத்துக்கொண்டது கடல் அல்ல. அந்த நாள் அவர் கையில் இல்லை என்பதுதான் காரணம். வெளிநாட்டில் பண்டிகை என்பது முதலில் ஒரு விடுப்புப் பிரச்சினை, அதாவது தொழிலாளர் உரிமைப் பிரச்சினை. ஏக்கம் அதற்குப் பிறகு வருவது.

இது சில ஆயிரம் பேரின் சங்கதி அல்ல. 2015இல் நடந்த தமிழ்நாடு இடம்பெயர்வு ஆய்வு, தமிழகத்திலிருந்து வெளிநாடு சென்றிருப்போர் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் தலா நாலு லட்சம் அளவில் முதல் இரண்டு இடங்களில் இருந்தன. இத்தனை பேரையும் ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது. சிங்கப்பூர் வங்கியில் கணினிப் பிரிவில் இருப்பவர் தீபாவளிக்கு இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்து, வியாழன் இரவு விமானத்தில் திருச்சிக்கு வந்து திங்கள் காலை திரும்பிவிடலாம். அதே விமானம் புறப்படும் நேரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கிடங்கில் சுமை இறக்கிக்கொண்டிருப்பவருக்கு அது முடியாது. இருவருக்கும் ஊர் ஒரே தூரம்தான், நாலு மணி நேரப் பயணம். தூரம்தான் காரணம் என்றால் இருவருடைய பண்டிகையும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

வித்தியாசம் விடுப்பில் இருக்கிறது. சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டப்படி முதல் ஆண்டில் சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு 7 நாள். ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி அது 14 நாளில் நின்றுவிடும். சவூதியின் தொழிலாளர் சட்டம் 21 நாள் தருகிறது, ஒரே இடத்தில் ஐந்தாண்டு வேலை பார்த்தால் 30 நாள். ஆனால் அந்த விடுப்பு எப்போது என்பதை வேலையின் தேவைக்கேற்ப முதலாளி நிர்ணயிக்கலாம், ஆட்களை முறை வைத்து அனுப்பலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பலருடைய ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கானது. விமானச் சீட்டும் லீவுச் சம்பளமும் அது முடிந்த பிறகுதான். தளத்தில் கான்கிரீட் போடுவது எந்த மாதம், பராமரிப்புக்கு ஆலையை நிறுத்துவது எந்த மாதம் என்பதைப் பொறுத்து அவருடைய லீவு ஆகஸ்டிலும் வரும், மார்ச்சிலும் வரும். பொங்கல் சமயத்தில் கேட்டால், அந்தச் சமயத்தில்தான் எல்லாரும் கேட்கிறார்கள் என்பார்கள். கேட்டது கிடைத்தாலும் பண்டிகை வாரத்தில் விமானக் கட்டணம் ஏறி நிற்கும். இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் போய்வந்து, மகளின் சடங்கையும் தம்பியின் கல்யாணத்தையும் ஊரில் இருந்து பார்த்தவர்களில்கூட, நடுவில் ஒரு தீபாவளிகூட ஊரில் வாய்க்காதவர்கள் இருக்கிறார்கள்.

தொழிலாளர் விடுதியான கேம்ப்பில் பொங்கல் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். துபாயின் சோனாப்பூர், அல் கூஸ், தோஹாவின் தொழிற்பேட்டைப் பகுதி போன்ற இடங்களில் ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர், சில இடங்களில் அதற்கு மேலும். இரண்டடுக்குக் கட்டில், அதற்கடியில் இரும்புப் பெட்டி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சட்டைகள். பொதுச் சமையலறையில் வரிசையாக அடுப்புகள். எந்த அறைக்கு எந்த நேரம் என்று முறை உண்டு. திறந்த வெளியில் விறகு மூட்டத் தீ பாதுகாப்பு விதி இடம் தராது. அதனால் வெயிலில் முற்றத்தில் கோலமிட்டுப் புதுப்பானையில் பால் பொங்க வைப்பது அங்கே நடக்காது. பச்சரிசியும் வெல்லமும் நம்மவர் கடையில் தாராளமாகக் கிடைக்கும். விமானத்தில் வந்த கரும்பு துண்டு துண்டாக விற்கும், மஞ்சள் கொத்தும் கிடைக்கும். கிடைக்காதது விடிகாலை. தளத்துக்குப் போகும் பேருந்து நாலரை, ஐந்து மணிக்கு வாசலில் வந்து நின்றுவிடும். பொங்கல் வைக்க வேண்டிய நேரத்தில் சாப்பாட்டு டப்பாவோடு அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். பொருள் எல்லாம் இருந்தும் நேரம் இல்லாததால்தான் பொங்கல் வார ஓய்வு நாளுக்குப் போகிறது. பிரஷர் குக்கரில் வைத்த சர்க்கரைப் பொங்கலை அறையில் இருக்கும் நேபாளிக்கும் வங்காளிக்கும் கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். சந்தோஷமாகத்தான் சாப்பிடுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் அல்ல.

என் வாதத்துக்கு மிகப் பலமான சாட்சி அதே கேம்ப்பில், பக்கத்துக் கட்டிலிலேயே இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்தோ அதிராம்பட்டினத்திலிருந்தோ போன ஒரு முஸ்லிம் தொழிலாளியின் ரமலானை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அதே அறை, அதே தளம், அதே சம்பளம், வீட்டிலிருந்து அதே தூரம். ஆனால் அவர் போயிருக்கும் நாட்டின் நாட்காட்டி அவருடைய பண்டிகையை அறிந்திருக்கிறது. அமீரகத்தில் ரமலான் மாதம் முழுவதும் தனியார் நிறுவனங்களிலும் வேலை நேரம் நாளுக்கு 2 மணி நேரம் குறைகிறது, அதுவும் மதம் பார்க்காமல் எல்லாருக்கும். மாலையில் நோன்பு திறக்க நேரம் இருக்கிறது. நேரம் இருப்பதால் ஒரு சமூகமே அங்கே கூடிவிடுகிறது. துபாயின் தேரா பகுதியில் தமிழ் முஸ்லிம்கள் பெரிய அண்டாக்களில் நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பள்ளிவாசலில் ஆயிரக்கணக்கானோருக்கு நோன்பு திறக்கக் கொடுக்கிறார்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால், கடைசியில் மல்லியும் புதினாவும் என்று ஊர்ப் பள்ளிவாசலில் காய்ச்சும் அதே பக்குவம். பாகிஸ்தானியும் ஆப்பிரிக்கரும்கூட அந்த வரிசையில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். பெருநாள் அன்று விடுமுறை. விடிந்ததும் திடலில் தொழுகை, பிறகு புதுச்சட்டையோடு அறை அறையாகப் போய் வாழ்த்து. வளைகுடாவில் பெரும்பாலும் இந்தியாவுக்கு ஒரு நாள் முன்னதாகவே பிறை தெரிந்துவிடுவதால், இவர் பெருநாள் வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியை எடுக்கும்போது வீட்டில் மனைவி கடைசி நோன்பில் இருப்பார். அந்த ஒரு நாள் இடைவெளி மனத்தில் தைக்கும் என்பது உண்மை. குடும்பம் பக்கத்தில் இல்லாத துயரத்தை எந்த விடுமுறையும் தீர்ப்பதில்லை. ஆனாலும் அவருக்குப் பெருநாள் இருக்கிறது, அன்றைக்கே இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரருக்குப் பொங்கல் நாலு நாள் கழித்து வருகிறது. தூரம் இருவருக்கும் ஒன்றுதான்.

கிறிஸ்தவர்களின் அனுபவமும் இதையே காட்டுகிறது. வெள்ளி வார விடுமுறையாக இருந்த அரபு நாடுகளில் தேவாலயங்கள் ஞாயிறு திருப்பலியை வெள்ளிக்கிழமைக்கே மாற்றிக்கொண்டன. துபாயின் புனித மரியன்னை ஆலயத்தில் தமிழ், மலையாளம், கொங்கணி என்று மொழிவாரியாக அன்று பூசைகள் நடந்தன. 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது வழிபாட்டு அட்டவணையும் கூடவே மாறியது. இரண்டாயிரம் ஆண்டு வழக்கம்கூடத் தொழிலாளியின் ஓய்வு நாளைப் பார்த்துத்தான் தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது.

சிங்கப்பூர் இன்னும் நுணுக்கமான பாடம் தருகிறது. அங்கே ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள். தீபாவளி அவற்றில் ஒன்று. தைப்பூசமும் ஒரு காலத்தில் பொது விடுமுறையாக இருந்தது. 1968இல் விடுமுறைகளைக் குறைத்தபோது அது பட்டியலிலிருந்து போனது. பொங்கல் பட்டியலில் இல்லை. இந்த மூன்று பண்டிகைகளும் தொழிலாளிக்கு மூன்று விதமாக நடக்கின்றன. தீபாவளியன்று லிட்டில் இந்தியாவின் தேக்கா நிரம்பி வழிகிறது. சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு அலங்காரம், வீரமாகாளியம்மன் கோயிலில் நிற்க இடமில்லை. தைப்பூசத்துக்கு லீவு போட்டுக் காவடி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த நாட்டுத் தமிழர்கள். தளத்தில் வேலை செய்பவர் இரவு வேலை முடிந்து தெண்டாயுதபாணி கோயில் பக்கம் போய்க் கும்பிட்டு வந்தால் உண்டு. பொங்கல், முன்னரே சொன்னபடி, ஞாயிற்றுக்கிழமைக்கு. ஒரே ஊர், ஒரே ஆள், ஒரே பக்தி. அரசிதழில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் இவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது.

பண்டிகையே இல்லாத வாரங்களில்கூடச் சிங்கப்பூர்த் தொழிலாளிக்கு ஞாயிறுதான் திருநாள். விடுதிகள் துவாஸ், பொங்கோல், காக்கி புக்கிட் என்று நகர மையத்துக்கு வெளியே இருக்கின்றன. அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்கு வந்து முடிவெட்டி, வீட்டுக்குப் பணம் அனுப்பி, ஊர்க்காரர்களைப் பார்த்து, வாழை இலையில் சாப்பிட்டு, திறந்தவெளிப் புல்லில் நாலு பேரோடு உட்கார்ந்திருப்பதுதான் அந்த வாரத்தின் விழா. அந்த ஞாயிறு எவ்வளவு எளிதாகப் பறிபோகக்கூடியது என்பதை இரண்டு முறை பார்த்தோம். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்தில் அடிபட்டுத் தமிழகத் தொழிலாளி ஒருவர் ரேஸ்கோர்ஸ் சாலையில் இறந்தார்; அதையடுத்துக் கலவரம் மூண்டது. பிறகு அப்பகுதியில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு வந்தது, கண்காணிப்புக் கூடியது. இரண்டாவது, கொரோனா. 2020 ஏப்ரலில் விடுதிகள் அடைக்கப்பட்டன; மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் இருந்தார்கள். நகரத்து மக்கள் வெளியே நடமாடத் தொடங்கி நெடுநாள் ஆன பின்னும் இவர்கள் வேலைக்கும் விடுதிக்கும் இடையில் மட்டுமே போய்வந்தார்கள். அந்த ஆண்டின் தீபாவளி விடுதிச் சுவர்களுக்குள் கழிந்தது. 2022 ஜூனில் தளர்த்தியபோதும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நாலு இடங்களுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்று கொஞ்ச காலம் விதி இருந்தது. எந்த நாட்களில்? ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும். அவருக்கு நேரம் இருக்கும் நாட்களும் அவைதான். கூட்டம் கூடுவதால்தான் அந்த விதி என்று விளக்கம் சொல்லலாம். தொற்றுக் காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த நகரம் யாருடைய ஓய்வைத் தன் சுமையாகக் கணக்கிட்டது என்பதும் அதில் தெரிகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அதுவும் வலுவான மறுப்பு. தொழிலாளிக்கே விடுமுறை வேண்டாம். பண்டிகை நாளில் வேலை செய்தால் கூடுதல் கூலி, அதை அவரே விரும்பிக் கேட்டு வாங்குகிறார். சம்பாதிக்கத்தானே போனார், கொண்டாடவா போனார் என்பது அது. முதல் பகுதி உண்மைதான். சிங்கப்பூர்ச் சட்டப்படி பொது விடுமுறையில் வேலை செய்தால் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதல். முதலாளி கேட்டு ஓய்வு நாளில் முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம். அமீரகத்தில் விடுமுறை நாளில் வேலை வாங்கினால் மாற்று நாள் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு அடிப்படைச் சம்பளத்தில் பாதியாவது கூடுதலாகத் தர வேண்டும். இந்தப் பணத்துக்காகத் தீபாவளியன்று ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கேட்டு நிற்பவர்கள் ஏராளம். அது ஏன் என்று பார்க்க வேண்டும். வந்து சேர ஏஜெண்டுக்குக் கட்டிய தொகை பல மாதச் சம்பளம். அதை வட்டிக்கு வாங்கித்தான் கட்டியிருப்பார், சிலர் நகையையும் நிலத்தையும் வைத்திருப்பார்கள். அடிப்படைச் சம்பளம் மிகக் குறைவாக வைக்கப்படுவதால் சாப்பாட்டுக்கும் வட்டிக்கும் போக வீட்டுக்கு அனுப்புவதற்கு மிஞ்சுவது ஓ.டி.யில் வருவதுதான். இந்த நிலையில் ஒருவர் பண்டிகையை விட்டு வேலையைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அவருக்குப் பண்டிகை பெரிதில்லை என்று முடிவு கட்டுவது அநியாயம். முதல் ஓராண்டு எந்த ஓ.டி.யையும் விடாதவர், கடன் அடைந்த மாதத்திலிருந்து ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் தென்படத் தொடங்குவார். விருப்பம் அன்றைக்குத்தான் வெளியே வருகிறது. பணம் வேண்டும் என்பதும் நாள் வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம் என்று ஆக்கி வைத்திருப்பது சம்பள அமைப்பு.

வீட்டு வேலைக்குப் போன பெண்களின் நிலைமை இதைவிட மோசம். கேம்ப்பில் இருக்கும் ஆணுக்கு வாரத்தில் ஒரு நாளாவது உறுதி. இலங்கையின் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும், தமிழகத்தின் கடற்கரை மாவட்டங்களிலிருந்தும் வளைகுடா வீடுகளுக்குப் போன பெண்ணுக்கு அதுவும் உறுதியில்லை. சட்டங்கள் வந்துவிட்டன. குவைத் 2015இலும், கத்தார் 2017இலும், அமீரகம் 2022இலும் இயற்றிய வீட்டுப் பணியாளர் சட்டங்கள் வார ஓய்வு நாளைச் சொல்கின்றன. சிங்கப்பூரில் 2013 முதல் வார ஓய்வு உண்டு. ஆனால் அதைப் பணமாக வாங்கிக்கொண்டு வேலை செய்ய இடம் இருந்ததால் ஓய்வே இல்லாதவர்கள் பலர் இருந்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளாவது பணமாக மாற்ற முடியாத ஓய்வாகத் தந்தாக வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. மாதத்தில் ஒரு நாள் என்பதே சாதனையாக இருக்கும் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேலும் வீட்டுப் பணிப்பெண்ணுக்குப் பண்டிகை நாள்தான் ஆண்டிலேயே வேலை மிகுந்த நாள். முதலாளி வீட்டு விருந்துக்கு அரைப்பதும் பரிமாறுவதும் கழுவுவதும் அவர்தான். பெருநாள் நாட்டுக்கே விடுமுறையாக இருந்தும், அதைக் கொண்டாடும் மதத்தவராகவே அவர் இருந்தும், அடுப்படியை விட்டு வெளியே வர முடிவதில்லை. பண்டிகை விடுமுறையை அரசு அறிவித்தால் மட்டும் போதாது, அது இன்னாருக்கும் உண்டு என்று கதவுக்கு உள்ளே போய்ச் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஹாங்காங்கைப் பார்த்தால், உறுதியான ஓய்வு நாள் என்ன செய்யும் என்பது கண்ணுக்குத் தெரியும். அங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள், பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்கள். ஏழு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு என்று சட்டம் சொல்கிறது. அது ஓரளவு நடக்கவும் செய்கிறது. அதனால் ஞாயிறுதோறும் நகரத்தின் மையத்தில், வங்கிக் கட்டடங்களின் நிழலிலும் நடைபாலங்களிலும் அட்டைப்பெட்டிகளை விரித்துத் தரையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சமைத்துக் கொண்டுவந்ததைப் பகிர்ந்து, முடி பின்னி, ஆடிப்பாடி, ஊருக்கு அனுப்பப் பெட்டி கட்டுகிறார்கள். தமக்கென ஓர் அறைகூட இல்லாததால்தான் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வேதனை. ஆனாலும் அந்த நாள் அவர்களுடையது. அதே ஹாங்காங்கின் சட்டத்தில் நெடுங்காலமாக இன்னொரு விதியும் இருக்கிறது. டிசம்பரில் சீனர்களின் குளிர்காலத் திருநாள், கிறிஸ்துமஸ் ஆகிய இரண்டில் எதைச் சட்டபூர்வ விடுமுறையாகத் தருவது என்பது முதலாளியின் விருப்பம். செப்டம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாட்டுப் போடத் தொடங்கிவிடும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த பெண்ணுக்குக் கிறிஸ்துமஸ் உண்டா இல்லையா என்பதை வேறொருவர் தீர்மானிக்கிறார். அந்த விருப்ப உரிமை இன்றும் இருக்கிறது. 2024இல் கிறிஸ்துமஸுக்கு அடுத்த வேலை நாளும் சட்டபூர்வ விடுமுறைப் பட்டியலில் சேர்ந்ததால் இழப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்றைய காலத்துக்கே உரியது. கையில் செல்போன் இருக்கிறது. வீடியோவில் வீட்டைப் பார்க்கலாம், பொங்கல் பொங்குவதை நேரலையில் பார்க்கலாம், பிள்ளையின் புதுச்சட்டையைப் பார்க்கலாம். முன்பு ஒலிநாடாவில் குரலைப் பதிந்து அனுப்பிய காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்கிறார்கள். மேல்தான். ஆனால் அந்த அழைப்பைப் பேசவும் நேரம் வேண்டும் அல்லவா? ஊரில் காலை ஆறரைக்குப் பால் பொங்கும்போது ரியாத்தில் மணி நாலு. அவர் பேருந்துக்கு ஓடிக்கொண்டிருப்பார். சிங்கப்பூரில் மணி ஒன்பது. வேலை தொடங்கிவிட்டது, தளத்தில் போனை எடுக்கக் கூடாது. இரவு அவர் ஓய்ந்து கூப்பிடும்போது வீட்டில் பானை கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. தொழில்நுட்பம் தூரத்தைக் குறைத்திருக்கிறது என்பதே என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. தூரம் இவ்வளவு குறைந்த பிறகும் பண்டிகை கைக்கு எட்டவில்லை என்றால், தடை வேறு இடத்தில் இருக்கிறது.

தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் பெரிய விழாக்களைச் சுட்டிக்காட்டி, கொண்டாட்டத்துக்கு அங்கே என்ன குறை என்று கேட்பவர்களும் உண்டு. அந்த விழாக்கள் நல்ல பணி செய்கின்றன. கேம்ப்புக்கே போய்ச் சாப்பாடு போடுகிற சங்கங்களும் இருக்கின்றன. ஆனால் அவையும் வார இறுதி பார்த்தே வைக்கப்படுகின்றன. குடும்பத்தோடு குடியிருப்பவருக்கு வார இறுதி இரண்டு நாள், தளத்து ஆளுக்கு ஒரு நாள். நுழைவுச் சீட்டும் டாக்சிச் செலவும் வேறு.

மூன்றாவது மறுப்புத்தான் நிர்வாகம் தெரிந்தவர்கள் சொல்வது. ஒரு தளத்தில் தமிழர், வங்காளி, நேபாளி, சீனர், பிலிப்பினோ எல்லாரும் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் பண்டிகைக்கும் வேலையை நிறுத்தினால் கட்டடம் எப்போது எழும்? நியாயமான கேள்வி. ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தனக்கு உரிய விடுமுறைகளில் ஒன்றிரண்டை எந்த நாளில் எடுப்பது என்று தொழிலாளி சொல்ல இடம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பொது விடுமுறையை இருதரப்பும் ஒத்துக்கொண்டு வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ள சிங்கப்பூர்ச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாளில் வேலைக்கு வந்து, அதற்குப் பதிலாகப் பொங்கலன்று ஓய்வு எடுக்க ஒரு தமிழருக்குத் தடையில்லை. முதலாளி ஒத்துக்கொண்டால் போதும். உண்மையில் பல இனத்தவர் கலந்த தளத்துக்கு இது வசதிகூட. எல்லாரும் ஒரே நாளில் போவதைவிட முறை வைத்துப் போவது வேலைக்கு நல்லது. நம் நாட்டு அரசு ஊழியர்களுக்குப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வரையறுக்கப்பட்ட விடுப்பு இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. அதனால் எந்த அலுவலகமும் மூடிக் கிடக்கவில்லை. இது புதுமையான கோரிக்கையும் அல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921இல் கொண்டுவந்த வார ஓய்வு உடன்படிக்கை, ஓய்வு நாள் கூடியவரை அந்நாட்டின் மரபிலும் வழக்கத்திலும் ஊன்றிய நாளாக இருக்க வேண்டும் என்று அப்போதே சொன்னது. உழைப்பவர் கூட்டம் கூட்டமாக நாடு மாறுவார், மரபு ஓரிடத்திலும் அவர் வேறிடத்திலும் இருப்பார் என்பதை அந்த வாசகம் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்தாவது நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இதை வெளிநாட்டு முதலாளிகளிடம் மட்டும் கேட்டுவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. தமிழ்நாடு இன்று ஆட்களை அனுப்பும் மாநிலம் மட்டுமல்ல, வரவழைக்கும் மாநிலமும்கூட. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டுமானத் தளங்களிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தவர் நிறைந்திருக்கிறார்கள். திருப்பூர் பொங்கலுக்குப் பல நாள் மூடுகிறது. அசாமின் மாக் பிஹு அதே நாட்களில் வருவதால் அசாம்காரருக்குத் தற்செயலாகத் தம் பண்டிகை கிடைத்துவிடுகிறது. பீகாரியின் சட் பூஜைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது தீபாவளிக்கு ஆறாம் நாள் வருகிறது. ஆலை அதற்குள் திறந்துவிடும். 36 மணி நேரம் தண்ணீரும் குடிக்காமல் பெண்கள் விரதம் இருந்து, மறையும் சூரியனுக்கும் உதிக்கும் சூரியனுக்கும் நீரில் நின்று படையல் இடும் அந்த விழாவுக்கு ஊர் போனவர் திரும்பத் தாமதமானால், வடநாட்டு ஆட்களை நம்ப முடியவில்லை என்று இங்கே முதலாளிகள் குறைப்படுகிறார்கள். சவூதியின் ஜெத்தாவில் நம்மவரைப் பற்றிச் சொல்லப்படுவதும் இதே குறைதான். நம்மிடம் 1958இலிருந்தே தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களும் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் உண்டு; அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் மாற்று நாளும். அந்த ஐந்தில் ஒன்று சட் பூஜையாகவோ துர்கா பூஜையாகவோ இருக்க எந்தத் தடையும் இல்லை. எத்தனை ஆலைகள் அப்படிக் கேட்டுத் தேர்ந்தெடுக்கின்றன?

வெளிநாடுகளிடம் கேட்கும் தகுதியும் வலிமையும் நமக்கு இருக்கின்றன. 2024இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் சுமார் 129 பில்லியன் டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. உலகிலேயே அதுதான் அதிகம். அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு தமிழகத்துக்கு வருவதாக ரிசர்வ் வங்கியின் ஆய்வு சொல்கிறது. ஊரில் தீபாவளிப் புடவை எடுப்பதும், பொங்கலுக்கு வீடு வெள்ளையடிப்பதும், கோயில் கொடைக்கு வரி கட்டுவதும் இந்தப் பணத்தில்தான். பல கிராமங்களில் பண்டிகையை நடத்துகிறவரே அவர்தான். அவர் மட்டும் அங்கே இல்லை. தமிழ்நாடு அரசு ஜனவரி 12ஆம் தேதியை அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடுகிறது. பொங்கலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக அதை வைத்ததில் அழகான எண்ணம் இருக்கிறது: பொங்கலுக்கு ஊர் திரும்புகிறவர்களை வரவேற்கும் நாள். அன்று சென்னைக்கு வருகிறவர்கள் விடுப்புக் கிடைத்தவர்கள். கிடைக்காதவர்களுக்காகச் செய்ய வேண்டியது அந்த மேடைக்கு வெளியே இருக்கிறது. ரிக்ரூட்டிங் ஏஜென்சி வழியாகப் போகிறவரின் வேலை ஒப்பந்தம் இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவாகிறது. சம்பளம், வேலை நேரம், சாப்பாடு, இருப்பிடம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. ஆண்டில் இரண்டு விடுமுறையைத் தொழிலாளி தன் விருப்பப்படி மாற்றி எடுக்கலாம், ஆண்டு விடுப்பின் மாதத்தைச் சொல்ல இரண்டில் ஒரு முறையாவது அவருக்கு உரிமை உண்டு என்று மாதிரி ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கலாம். இருநாட்டுப் பேச்சுவார்த்தைகளில் சம்பளத்தோடு இதையும் வைக்கலாம். முதலாளிக்கு இதில் ஒரு நாள் உழைப்புகூடக் கூடுதலாகப் போவதில்லை. கையெழுத்துப் போடுமுன் அந்த இரண்டு வரியும் இருக்கிறதா என்று பார்க்கும்படி, ஆள் எடுக்க நேர்காணல் நடக்கும் ஊர்களில் தொழிலாளர் துறை தமிழில் எழுதி ஒட்டட்டும்.